ஆர்விக்காரர்களுக்கு ஊரடங்கு ஒன்றும் செய்யாதா?

வாசகர் கேள்வி, 18 மார்ச் 2020

"அக்கா, நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். ஆபீஸ் மூடியாச்சு, பிள்ளைகளின் பள்ளியும் மூடியாச்சு. ஆர்வி என்கிற வீட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொரோனாவால் ஒரு கவலையும் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் கூடவே வருகிறது. ஆளில்லாத பாலைவனத்தில் போய் நிறுத்திவிட்டால் நோய் எப்படி வரும்? நானும் ஒன்று வாங்கிக் குடும்பத்தோடு கிளம்பிவிடலாமா?"

18 மார்ச் 2020, இரவு

இப்போது கிளம்பாதே தம்பி. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். இதே எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

நாங்கள் இருவரும் அரிசோனாவில், டூசானுக்குக் கிழக்கே பென்சன் என்ற ஊரில் ஓர் ஆர்வி பார்க்கில் நிற்கிறோம். வண்டி ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கிற ரகம். வீட்டை விற்றுவிட்டுத்தான் இதில் ஏறினோம். வேறு வீடு கிடையாது. நல்ல தண்ணீர்த் தொட்டி 60 காலன். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகும், கழிவறைத் தண்ணீர் இன்னொரு தொட்டிக்கு. ஒவ்வொன்றும் 40 காலன். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இரண்டு பேருக்கு ஒரு வாரம் தாண்டினால் இழுபறிதான். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கக் குழாய் வேண்டும், கழிவைக் கொட்ட டம்ப் ஸ்டேஷன் வேண்டும், புரொபேன் நிரப்பக் கடை வேண்டும்.

பாலைவனத்தில் நோய் இல்லை, சரி. இந்த மூன்றும் அங்கே இல்லை. அவை இருப்பது மாநிலப் பூங்காவில், பெட்ரோல் பங்கில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஊருக்குள். அந்த இடங்கள்தான் இப்போது ஒவ்வொன்றாக மூடுகின்றன. நேற்று கலிஃபோர்னியா தன் மாநிலப் பூங்காக்களின் முகாம்களை மூடிவிட்டது. நேற்றே பென்சில்வேனியா ஓய்விடங்களைப் பூட்டியது. லாரி ஓட்டுகிறவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த மாதக் கடைசியில் யூட்டாவில் மோவாப் போவதாக இருந்தோம். அந்த வட்டாரச் சுகாதாரத் துறை திங்கட்கிழமை உத்தரவு போட்டுவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஹோட்டலிலும் தங்கக்கூடாது, முகாமும் போடக்கூடாது. எனக்கு அவர்கள்மேல் துளி வருத்தமும் இல்லை. அந்த ஊர் மருத்துவமனையில் மொத்தமே 17 படுக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. வசந்த விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வந்து இறங்குகிற ஊர் அது. என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அங்கே போய் அவருக்கு மூச்சுத் திணறினால், அந்த 17இல் ஒன்றை ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

21 மார்ச் 2020

கனடாக்காரர்கள் போய்விட்டார்கள். எங்கள் வரிசை முக்கால்வாசி காலி.

குளிருக்குத் தப்பி இலையுதிர் காலத்தில் தெற்கே வந்து, ஏப்ரலில் திரும்புகிறவர்களை இங்கே ஸ்னோபேர்ட் என்பார்கள். அவர்களை எல்லாம் உடனே திரும்பி வரச் சொல்லி அவர்கள் அரசு போன வாரமே அறிவித்துவிட்டது. பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, சில நாள் கெடு கொடுத்து, அதற்குள் திரும்பாவிட்டால் கொரோனாச் செலவுக்குப் பொறுப்பில்லை என்று கடிதம் அனுப்பின. அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் ஐசியுவில் படுப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். இன்று முதல் எல்லை அவசியப் பயணத்துக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குத் தடையில்லை.

எதிர் இடத்தில் இருந்த சஸ்காச்சுவான் தம்பதி கிளம்பும்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்களும் எங்களைப் போல வீட்டை விற்றவர்கள். கோடையில் அவர்கள் தங்குகிற முகாம் மே மாதம்தான் திறக்கும். மார்ச்சில் அங்கே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கும். நாட்டுக்குள் போய்விடலாம், போய் எங்கே நிறுத்துவது? கடைசியில் அவருடைய அண்ணன் பண்ணை முற்றத்தில் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அந்த அம்மா என்னிடம் அரைப் பை அரிசியைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைகளில் அரிசி இல்லாத வாரம் இது.

26 மார்ச் 2020

மேலே எழுதியதோடு சேர்த்துப் படி: கனடாவில் திரும்பி வந்தவர்கள் 14 நாள் தனித்திருப்பது நேற்று முதல் சட்டப்படி கட்டாயம்.

எங்கள் கோடைக்கும் இடி விழுந்தது. யோசமிட்டி தேசியப் பூங்கா 20ஆம் தேதி மூடியது. யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும் 24ஆம் தேதி மூடின. மொன்டானாவில் ஒரு காட்டு முகாமில் நாங்கள் கேம்ப் ஹோஸ்ட் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். இந்த ஊர் முகாம்களில் வந்தவர்களுக்கு இடம் காட்டுவது, கழிவறை கழுவுவது, விறகு விற்பது எல்லாம் பெரும்பாலும் எங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள்தான். பதிலுக்கு நிற்க இடம், தண்ணீர், மின்சாரம் கிடைக்கும். முகாம் திறப்பது சந்தேகம், வரவேண்டாம் என்று போன் வந்தது. வேலை போனது பெரிதில்லை தம்பி. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கே நிற்போம் என்பதற்கு இருந்த பதில் போய்விட்டது.

28 மார்ச் 2020

20 விநாடி கை கழுவு, அடிக்கடி கழுவு என்கிறார்கள். கழுவுகிற ஒவ்வொரு சொட்டும் அந்த 40 காலன் தொட்டிக்குத்தான் போகும். நேரடியாகச் சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் நிற்பதால் எங்களுக்குக் கவலை இல்லை. இணைப்பில்லாமல் காட்டில் நிற்பவர்கள் ஒரு பேசினில் கழுவி, அந்தத் தண்ணீரையே கழிவறைக்கு ஊற்றுகிறார்கள். நல்ல வழி, எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்று. டம்ப் செய்ய எல்லா ஆர்விக்காரர்களும் கையுறைப் பெட்டி வைத்திருப்போம். ஊர் கிளினிக்கில் கையுறை தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு, பார்க்கில் இருந்தவர்கள் பிரிக்காத பெட்டிகளை எல்லாம் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

2 ஏப்ரல் 2020

அரிசோனாவிலும் செவ்வாய் மாலை 5 மணியிலிருந்து வீட்டிலேயே இருக்கச் சொல்லி ஆளுநர் உத்தரவு. நேற்று கிராண்ட் கேன்யனும் மூடியது.

வீட்டிலேயே இரு என்றால் எங்களுக்கு எது வீடு? இந்தக் கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம், கவுண்டிக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதில் மாறுகிறது. பல இடங்களில் ஆர்வி பார்க்கை அத்தியாவசியத் தொழில் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், நிரந்தரமாக அதில் வாழ்கிறவர்கள் உண்டு என்பதால். சில இடங்களில் அதே பார்க்கை உல்லாசம் என்று கணக்கிட்டு மூடுகிறார்கள். எங்கள் பார்க் உரிமையாளர் ஒரு முடிவு எடுத்தார். ஏற்கெனவே இருப்பவர்கள் மாத வாடகையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கு இடம் இல்லை. பொதுக் குளியலறை, துணி துவைக்கும் அறை, மாலையில் சீட்டாடும் கூடம் எல்லாம் பூட்டு.

நாங்கள் உள்ளே இருப்பதால் அந்த முடிவு எங்களுக்கு ஆறுதல். நேற்று மாலை கேட்டில் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள், ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். அது கண்ணிலேயே நிற்கிறது. அவருக்கு அந்த ராத்திரி நிறுத்த இடம் கிடைத்ததா தெரியாது.

வேனில் வாழும் இளைஞர்கள் நிலை இன்னும் மோசம். அந்த வேன்களில் பலவற்றில் குளியலறை கிடையாது. ஜிம்மில் உறுப்பினராகச் சேர்ந்து அங்கே குளிப்பார்கள், நூலகத்தில் உட்கார்ந்து இணையம் பார்ப்பார்கள், காபிக் கடையில் கழிவறை போவார்கள். மூன்றும் ஒரே வாரத்தில் மூடின. ஊர் முழுக்கத் தங்கள் வீட்டின் அறைகளைப் பரப்பி வைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஃபுளோரிடாவில் கீஸ் தீவுகளுக்குப் போகிற சாலையில் சோதனைச் சாவடி போட்டு, அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அத்தாட்சி என்றால் முகவரி. எங்கள் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி டெக்சாஸில் லிவிங்ஸ்டன் ஊரின் தபால் முகவரி. ஆயிரக்கணக்கான ஆர்விக்காரர்களுக்கு அதே ஊர்தான் முகவரி. தபாலை வாங்கி நாங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவை அது. சட்டப்படி அது எங்கள் வீடு. அங்கே போய்ப் படுக்க ஒரு பாய் கிடையாது.

அதே இரவு, சேர்க்கை

நேற்று ஏப்ரல் 1, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி. நிரந்தர வீடில்லாத எங்களைப் போன்றவர்களை அன்று எங்கே இருந்தோமோ அங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். கணக்கெடுப்பவர்கள் இந்த மாதம் பார்க்குக்கு வருவதாக இருந்தது. அதுவும் தள்ளிப்போனது.

9 ஏப்ரல் 2020

சாப்பாடு, மருந்து பற்றிக் கேட்டிருந்தாய்.

இந்தியக் கடைக்கு டூசான் போக வேண்டும். பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் மட்டும் போகிறேன், அவர் வண்டியைவிட்டு இறங்குவதில்லை. குளிர்பெட்டி சின்னது, ஒரு மாதத்துச் சாமான் கொள்ளாது. பருப்பு, புளி, கோதுமை ரவை கையிருப்பு உண்டு. உளுந்து கிடைத்தது. இங்கே வெயிலுக்கு மாவு நன்றாகவே பொங்குகிறது.

மருந்துதான் கவலை. மாத்திரை லிவிங்ஸ்டனுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வரவேண்டும். தபால் தாமதமாகிறது. அவருடைய மருத்துவர் போனிலேயே பார்த்து, பென்சன் மருந்துக் கடைக்குச் சீட்டு மாற்றிக் கொடுத்தார். முன்பெல்லாம் இதற்கு நேரில் வா என்பார்கள்.

டீசல் மலிவு. பெட்ரோல் நாட்டுச் சராசரி காலன் 2 டாலருக்குக் கீழே போய்விட்டது. ஊர் சுற்ற இதைவிட மலிவான காலம் வராது, நின்ற இடத்தில் நிற்கிறோம்.

24 மே 2020

யெல்லோஸ்டோனின் வயோமிங் வாசல்கள் போன திங்கட்கிழமை திறந்தன. வண்டிகள் வரிசை கட்டுவதாகச் செய்தி.

பூர்வகுடிகளின் நவஹோ நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாசலுக்குப் போகிற சாலை எல்லாம் அவர்கள் நிலத்தில் வருகிறது. நோய்த்தொற்று விகிதத்தில் நியூயார்க் மாநிலத்தையே இந்த மாதம் தாண்டிவிட்டார்கள். வார இறுதிகளில் 57 மணி நேர முழு ஊரடங்கு. மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய வீடுகளில் குழாய்த் தண்ணீரே கிடையாது, டிரக்கில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். 60 காலன் தொட்டியை வைத்துக்கொண்டு மார்ச்சில் நான் புலம்பினேனே, அவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க உள்ள நிலை. பூங்கா திறந்தாலும் அந்தப் பக்கம் இந்த வருடம் நாங்கள் போகமாட்டோம். நீயும் யாராவது கேட்டால் போகவேண்டாம் என்று சொல்.

6 ஜூன் 2020

வெயில் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஆர்வியின் சுவர் இரண்டு அங்குலம்தான், மதியத்தில் ஏசி நிற்காமல் ஓடுகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் மலைமேல் இருப்போம்.

மகன் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். வென்டிலேட்டர் மாட்டுவது, கழற்றுவது, குழாய் வைக்கும்போது நோயாளியின் முகத்துக்கு நேரே நிற்பது அவன் வேலை. மார்ச்சிலிருந்து வீட்டில் மாடி அறையில் தனியாகப் படுக்கிறான். நேற்றுப் பேசும்போது, "அம்மா, வண்டியோட வந்துடுங்களேன். நான் அதுல இருந்துக்கறேன், நீங்க வீட்ல இருங்க" என்றான். அப்பாவிடம் கேட்கக்கூட இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

ஐ-10 நெடுஞ்சாலையில் ஆயிரம் மைல் சொச்சம். டெக்சாஸ் ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை நிற்க அனுமதி உண்டு. தொட்டியை நிரப்பிக்கொண்டு, கடைக்கோ முகாமுக்கோ இறங்காமல் போய்விடத் திட்டம்.

12 ஜூலை 2020

வந்து சேர்ந்து, நாங்கள் முதலில் தனித்திருந்து, பிறகு இடம் மாற்றிக்கொண்டோம். மகன் வீட்டு முன்னால் டிரைவ்வேயில் வண்டிக்குள். நாங்கள் உள்ளே, மருமகளோடும் பேத்தியோடும்.

ஜூன் கடைசியில் டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில் வழக்கமான ஐசியு படுக்கைகள் நிறைந்துவிட்டன, கூடுதல் படுக்கைகளுக்குப் போய்விட்டார்கள். அவன் ராத்திரி வேலை முடிந்து வந்து, வெளிப்பக்கமாகவே ஏறி, குளித்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட்டுப் படுக்கிறான். பேத்தி சன்னலுக்கு வெளியே நின்று படம் வரைந்து காட்டுகிறாள். நான் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறேன். அவன் எடுத்துக்கொண்டு, "ரசம் காரமா இருக்கும்மா" என்று கண்ணாடி வழியாகச் சத்தம் போடுவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது ஓடும்.

இதே யோசனை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. மார்ச்சிலேயே டெக்சாஸில் ஒரு மருத்துவரின் மனைவி கணவருக்காக ஃபேஸ்புக்கில் ஆர்வி கேட்டதில் தொடங்கி, "ஆர்விஸ் ஃபார் எம்டிஸ்" என்ற குழு உருவானது. சும்மா நிற்கும் வண்டிகளை மருத்துவ ஊழியர்களுக்கு வாடகையில்லாமல் கொடுப்பது அவர்கள் வேலை. கலிஃபோர்னியா அரசு வீடில்லாதவர்களைத் தனிமைப்படுத்த 1,300க்கும் அதிகமான ட்ரெய்லர்களைத் திரட்டியது.

டிரைவ்வேயில் நிறுத்துகிறவர்களுக்கு: வீட்டு பிளக் 15 ஆம்ப், எங்கள் வண்டிக்கு வேண்டியது 30 ஆம்ப். அடாப்டர் போட்டால் ஏசி ஓடும், ஆனால் கூடவே மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறித் தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி 30 ஆம்ப் லைன் இழுத்தோம். கழிவுக்கு, வீட்டின் வெளிப்புறச் சாக்கடைக் குழாயில் உள்ள மூடியைத் திறந்து இணைக்கலாமா என்று முதலில் உங்கள் ஊர் விதியைக் கேளுங்கள்.

3 ஆகஸ்ட் 2020

குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம். டிரைவ்வேயில் ஆர்வி நிறுத்த அனுமதியில்லை, அகற்றாவிட்டால் அபராதம். நான் அழுதுவிட்டேன். மருமகள் அழவில்லை. மருத்துவமனைக் கடிதத்தோடு நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். அக்கம்பக்கத்தார் பலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நோய்க்காலம் முடியும்வரை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அலாஸ்கா போக நினைக்கும் நண்பர் கேட்டதற்கு: கனடா வழியாகப் போகிற அமெரிக்கர்களுக்கு ஜூலை 31 முதல் விதி இறுகிவிட்டது. ஐந்தே எல்லைச் சாவடிகள் வழியாகத்தான் நுழையலாம். கண்ணாடியில் ஒரு அட்டை தொங்கவிட வேண்டும், அதில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய தேதி இருக்கும். நேர்வழியில் போகவேண்டும், தேசியப் பூங்காவில் நிறுத்தக்கூடாது. வழியில் அனுபவித்துப் போவதற்காகவே அந்தச் சாலைக்குப் போகிறோம். இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

20 செப்டம்பர் 2020

மார்ச்சில் எழுதியதை மறுபடி படித்தேன். சக்கரம் இருந்தாலும் நிற்க இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதில் மாற்றமில்லை, இன்னொன்று மட்டும் சேர்க்கத் தோன்றுகிறது. இந்த ஆறு மாதத்தில் எங்கள் வண்டி உருப்படியாகச் செய்த காரியம் அத்தனையும் அசையாமல் ஓரிடத்தில் நின்றபோது செய்தது.

மேற்கே காட்டுத்தீ. கலிஃபோர்னியாவின் 18 தேசியக் காடுகளையும் மூடினார்கள், இப்போதுதான் சிலவற்றைத் திறக்கிறார்கள். ஓரிகனில் டாலன்ட், ஃபீனிக்ஸ் ஊர்களில் மொபைல் ஹோம் பார்க்குகள் வரிசை வரிசையாக எரிந்துபோயின. நோய்க்குப் பயந்து காட்டுக்குப் போனவர்கள் புகைக்குப் பயந்து ஊருக்குள் வருகிறார்கள். நாங்கள் அங்கே போயிருந்தால் அந்த வரிசையில்தான் இருந்திருப்போம்.

தள்ளிப்போன கணக்கெடுப்பு ஆர்வி பார்க்குகளில் இந்த மாதம் 3ஆம் தேதிதான் தொடங்கியது. பென்சனில் இருக்கும் தோழி சொல்கிறார், ஏப்ரலில் நிறைந்திருந்த பார்க்கில் இப்போது ஆளே இல்லையாம்.

15 நவம்பர் 2020

சஸ்காச்சுவான் தம்பதியிடமிருந்து போன். தரை எல்லை மூடியிருக்கிறது, விமானத்தில் போகத் தடையில்லை. அதனால் சிலர் வண்டியை லாரிக்காரரிடம் கொடுத்து எல்லை தாண்டவைத்துவிட்டு, தாங்கள் விமானத்தில் போய் எடுத்துக்கொள்கிறார்கள். ஒண்டாரியோவிலிருந்து பஃபலோவுக்கு ஹெலிகாப்டர்கூட விடுகிறார்களாம். இவர்கள் போகவில்லை. அண்ணன் பண்ணையிலேயே குளிர்காலம். ட்ரெய்லரின் அடிப்பகுதியைச் சுற்றி வைக்கோல் கட்டு அடுக்கி, தண்ணீர்க் குழாய்க்கு மின்சூடேற்றி சுற்றியிருக்கிறார்கள்.

23 ஜனவரி 2021

ஃபுளோரிடாவில் தடுப்பூசி இனி குடியிருப்பவர்களுக்கு மட்டும், அத்தாட்சி காட்ட வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களும் அதற்கான காகிதம் காட்டினால் சேர்த்தி. காகிதம் இல்லாத ஆர்விக்காரர்கள் அங்கே தவிக்கிறார்கள். தெற்கு டகோடா உரிமத்தோடு ஃபுளோரிடாவில் நிற்கும் ஒருவர் ஊசிக்காக டகோடா வரை போய் வரவேண்டுமா? நல்லவேளையாக நாங்கள் உரிமத்தில் இருக்கும் மாநிலத்திலேயே நிற்கிறோம். என் கணவர் 65 தாண்டியவர், முதல் ஊசி போட்டாயிற்று. மகனுக்கு டிசம்பரிலேயே. அவன் வீட்டுக்குள் வந்து மேசையில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட்டான். பேத்தி அன்று அவன் மடியைவிட்டு இறங்கவே இல்லை.

19 பிப்ரவரி 2021

உயிரோடு இருக்கிறோம். விசாரித்தவர்களுக்கு நன்றி.

திங்கட்கிழமை விடியற்காலை மின்சாரம் போனது. டெக்சாஸ் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்குமேல் இருட்டு. வெளியே உறைபனி, வீட்டுக்குள் மூச்சு விட்டால் ஆவி தெரிகிறது. அப்போதுதான் டிரைவ்வேயில் நின்ற வண்டி நினைவுக்கு வந்தது. அதன் ஹீட்டர் புரொபேனில் எரியும், விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரி போதும். ஐந்து பேரும் அதற்குள் ஏறினோம். அடுப்பில் கஞ்சி வைத்தேன். பேட்டரி இறங்கும்போதெல்லாம் அவர் டிரக்கை வெளியே தள்ளி நிறுத்தி, ஒயர் போட்டு ஏற்றினார். பக்கத்து வீட்டு முதியவரையும் கூப்பிட்டுக்கொண்டோம். முகக்கவசத்தோடு ஆறு பேர், சன்னல் சற்றே திறந்து.

ஜெனரேட்டரை, கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்து எரித்தவர்கள் கார்பன் மோனாக்சைடில் இறந்துபோயிருக்கிறார்கள். உங்கள் ஆர்வியில் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா, இன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இங்கே ஹாரிஸ் கவுண்டியில் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் போய் 8,430 தடுப்பூசிகள் கெட்டுப்போக இருந்தன. மருத்துவமனைகளுக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கும் கவுண்டிச் சிறைக்கும் கொண்டோடிப் போட்டார்கள்.

2 மே 2021

தம்பி ட்ரெய்லர் வாங்கிவிட்டான். வாழ்த்துகள்! இனி கேள்விகளுக்கு நேரடியாகவே பதில்.

வண்டி கைக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் கேட்டிருந்தாய். இந்த நாட்டு ஆர்விகளில் பெரும்பகுதி இந்தியானாவில் எல்கார்ட் என்ற ஒரே வட்டாரத்தில் செய்வது. போன ஏப்ரலில் ஆலைகள் மூடி, அங்கே வேலையின்மை 30 சதவீதத்தை ஒட்டிப் போனது. இரண்டே மாதத்தில் நிலைமை தலைகீழ், செய்து மாளவில்லை. அத்தனை நிறுத்தத்துக்குப் பிறகும் 2020இல் 430,412 வண்டிகள் ஆலையைவிட்டு வெளியேறின, 2019ஐவிட அதிகம். அவசரத்தில் செய்த வண்டிகளில் குறை இருக்கும். ஒப்புக்கொள்ளும் முன் தண்ணீர் நிரப்பி எல்லாக் குழாயையும் திற, ஸ்லைடை (பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதி) வெளியே தள்ளி உள்ளே இழு, கூரை விளிம்பைக் கையால் தடவிப் பார். வாங்கிய பிறகு பழுதுபார்க்கக் கொடுத்தால் மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள்.

கூட்டாட்சி அரசின் முகாம்களுக்கு முன்பதிவு பெரும்பாலும் 6 மாதம் முன்னதாக, கிழக்கு நேரம் காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கும். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பழைய ஆட்கள் புதியவர்களைத் திட்டுவதை நீ படித்திருப்பாய். அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்த ஒரு வருடத்துக்குப் பிறகு ஆறும் மரமும் பார்க்க வருகிறவர்களை என்ன குறை சொல்வது? டம்ப் செய்யத் தெரியாமல் நிற்கிறவரைப் பார்த்தால் இறங்கிப்போய்க் காட்டிக்கொடுங்கள்.

14 நவம்பர் 2021

எல்லை 8ஆம் தேதி திறந்தது. நாங்கள் மறுபடி பென்சனில். நேற்று மாலை அந்தத் தம்பதி வந்து இறங்கினார்கள், அதே எதிர் இடம். அந்த அம்மாவுக்கு அரிசியைத் திருப்பிக் கொடுத்தேன், கூட ஒரு கிண்ணம் சாம்பாரும்.

அவர்கள் ஊரில் அண்ணனிடமே ஒரு மூலை நிலத்தை வாங்கி, ஆழக் குழாயும் கழிவுத் தொட்டியும் 50 ஆம்ப் இணைப்பும் போட்டிருக்கிறார்கள். வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. எது மூடினாலும் போய் நிற்க இனி ஓர் இடம் உண்டு என்றார். நாங்களும் லிவிங்ஸ்டன் பக்கத்தில் ஒரு மனை பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

19 ஜூன் 2022

பெட்ரோல் சராசரி 5 டாலரைத் தாண்டியது, டீசல் அதற்கும் மேலே. இந்தக் கோடை எங்கும் போகவில்லை. மனையில் முருங்கை வைத்திருக்கிறேன், பனிக்குத் தாக்குப்பிடிக்குமா பார்க்கலாம்.

10 பிப்ரவரி 2024

தம்பி கேட்கிறான்: "அக்கா, ஆபீஸுக்கு வாரம் மூன்று நாள் வரச் சொல்லிவிட்டார்கள். ட்ரெய்லர் சும்மா நிற்கிறது. விற்றுவிடவா? இல்லை, ஓய்வுபெற்ற பிறகு உங்களைப் போல முழுநேரமாக இருக்க வைத்துக்கொள்ளவா?"

விற்பதற்கு இது நல்ல நேரம் இல்லை. 2021இல் 600,240 வண்டிகள் செய்தார்கள், போன வருடம் 313,174. அன்று வாங்கிய பலர் இன்று ஒரே நேரத்தில் விற்கப் பார்க்கிறார்கள். நீ கொடுத்த விலையில் பெரும்பங்கு போய்விடும். நிறுத்த இடமிருந்தால் வைத்துக்கொள். ஹூஸ்டனில் எங்களுக்கு நடந்தது நினைவிருக்கிறதல்லவா? உன் அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து தங்கினாலும் அது ஓர் அறைதான்.

முழுநேரம் போவதாக இருந்தால் மருத்துவக் காப்பீட்டை இப்போதே விசாரி. 65க்குப் பிறகு, அரசின் மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் நாடெங்கும் செல்லும். அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் தரும் அட்வான்டேஜ் திட்டங்களில் பல ஒரு வட்டார மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. 65க்கு முன் என்றால் எந்த மாநில முகவரி எடுக்கிறாயோ அந்த மாநிலத் திட்டம்தான் கிடைக்கும், வெளிமாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் பணம் தராத திட்டங்கள் நிறைய. வரி குறைவு என்று மட்டும் பார்த்து முகவரி எடுத்தவர்கள் 2020இல் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு, வருடத்தில் எந்த நாளும் போய் நிற்கக்கூடிய ஒரு மனை, வாடகைக்கானாலும் சரி, எழுத்தில் வாங்கி வை.

சும்மா நிற்கிற வண்டி என்கிறாய். இழுக்கும் முன் டயரைப் பார். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: முதல் இரண்டு டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் பார்த்து எழுது, மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.